பெரியவள் சொன்ன பதில்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். தெருவுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருந்தால் உண்டு. புருஷன்மார்கள் அண்ணன் தம்பி. அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். தம்பி ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவன். சின்னவள் அவன் மனைவி. முன்னறையில் தையல் மிஷின் போட்டு வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். புருஷன் கண்ணாடி போட்ட வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே இவளிடம் அளவு கொடுக்க வந்துவிடுவார்கள். வெளிச்சத்தை அவன் உள்ளே விடுவான், இவள் இழுத்து மூடுவாள், இரண்டுக்கும் கூலி என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பெரியவளுக்கு ரொட்டிக்கடையில் வேலை. விடிவதற்கு முன்பே போய், மாவு பிசைகிற எந்திரத்தின் பக்கத்தில் நின்று, அடுப்பு தணிகிற வரைக்கும் இருந்துவிட்டு மத்தியானம் சாய்கிறபோது வருவாள். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை வராது என்பது என் கட்சி. ஒரு நிமிஷம் அசந்தால் ரொட்டி கருகிவிடும் அல்லவா? அவளும் அப்படித்தான். பேருந்து தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுவாள். யாராவது ஒரு கேள்வி கேட்டால், அது யாரைக் கேட்ட கேள்வியாக இருந்தாலும் பதில் இவளிடமிருந்து வந்துவிடும்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தது பெண். வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பும். அடுத்தது பையன், பொடியன். இரண்டும் பெரியவள் பெற்றவை. வளர்த்தது சின்னவள். அப்படி யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. காலையில் பெரியவள் வீட்டில் இருக்க மாட்டாள், சின்னவள் இருப்பாள், அவ்வளவுதான். வாயாடிக்குத் தலைபின்னி விட்டது, பொடியனுக்குக் காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டே ஒற்றைக் கையால் துணி மடித்தது, முட்டையின் மஞ்சள் கருவை அவன் துப்பாமல் இருக்கச் சோற்றுக்குள் ஒளித்து ஊட்டியது எல்லாம் அவள்தான். மிஷினுக்கு அடியில் ஒரு பழைய மெத்தை எப்போதும் கிடக்கும். அதன்மேல் யாராவது ஒரு பிள்ளை, மிதிக்கிற சத்தத்தைக் கேட்டபடி தூங்கிக்கொண்டிருக்கும்.

சின்னவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் இரண்டு மூன்று வருஷம் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எத்தனை பல் என்பது கடி வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை துணிக்கடையில் தெரிந்த அம்மாள் ஒருத்தி, கூட்டத்துக்கு நடுவில் அதையே கொஞ்சம் இழுத்துக் கேட்டுவிட்டாள். சின்னவள் கையிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் குறுக்கே வந்தாள்.

"ஏன், ரெண்டு இருக்கே எங்க வீட்டுல, உங்களுக்குப் போதலியா? என் பசங்க, அவ பசங்கன்னு நாங்க பிரிச்சுக்கிட்டதில்ல. நீங்க ஏன் பிரிக்கிறீங்க?"

அந்த அம்மாள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து அதுதான் வீட்டின் பதில். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், எந்த மருமகளைக் கேட்டாலும், ரெண்டு. சின்னவளே பழகிப்போய் அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியதில்லை. பொடியன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறபோது அது பொய் இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் இடமே இல்லாமல் போனது. எனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொன்னால், அந்த இரண்டும் போதவில்லை என்று சொன்னதாகிவிடும் அல்லவா? அவள் வாயை யாரும் கையால் பொத்தவில்லை. கையாக இருந்தால் தட்டிவிட்டிருப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்கு நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னலில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திடீரென்று சிரிப்பாள். வாயாடி அதைக் கவனித்து, "சித்திக்கு மறை கழண்டுடுச்சு" என்று தம்பியிடம் சொன்னது. பிறகு ஒரு நாள் கொஞ்சமாக ரத்தம் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. ஆரம்பத்தில் சில பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, அதையே பிடித்துக்கொண்டாள். தெருமுனை டாக்டரைப் பார்க்கப் போனபோது இருப்பதில் நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டாள். ஒரு செய்தியைக் கேட்கப் போனாள். வேறொரு செய்தியோடு திரும்பினாள். கர்ப்பம் இல்லை, கர்ப்பப்பை வாயில் ஒரு புண் மாதிரி இருக்கிறது, துளி சதை எடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றார் டாக்டர். பத்து நாளில் அதற்குப் பெயர் தெரிந்தது. புற்று.

கண்ணாடிக்காரன் அன்று வேலைக்குப் போகவில்லை. மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தைத்து முடித்த திரைகளுக்குக் கொக்கி மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"எனக்கு நீ இருந்தா போதும். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. அவன் நினைத்த காரணத்துக்காக மட்டும் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெரியவள்தான் கூட்டிப் போனாள். ரொட்டிக்கடையில் அவள் விடுப்பு எடுத்தது அதுதான் முதல் தடவை. நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரிசை. அறுவை டாக்டரம்மாள் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார். பேச்சும் அப்படியே குட்டை. கெட்டவர் இல்லை. வெளியே அறுபது பேர் நிற்கும்போது யாருக்கும் பேச்சு நீளாது.

"வலி இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"எத்தனை குழந்தைங்க?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியவள், "ரெண்டு டாக்டர். ஒரு பொண்ணு, ஒரு பையன்" என்றாள்.

சொன்னவளுக்கு அதில் ஒரு கள்ளமும் கிடையாது. இந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில், ஊர்பேர் தெரியாத ஒருவர் முன்னால், தன் ஓரகத்தி குறைபட்டவளாக நிற்கக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்பார்களே, அதை அவள் செய்தாள்.

"நல்லது. அப்ப யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆரம்ப நிலை மாதிரிதான் தெரியுது. கர்ப்பப்பையோட எடுத்துடலாம். எதுக்கும் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. வியாழக்கிழமை நாங்க எல்லா டாக்டரும் சேர்ந்து உட்காருவோம், அதுல ஒரு வார்த்தை பேசிட்டு நாள் குறிக்கிறேன்."

சோதித்துப் பார்க்கும்போது சின்னவள் வலியில் சுருண்டுகொண்டாள். மயக்கம் கொடுக்கிற அன்றைக்கு நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாள் விட்டுவிட்டார். வெளியே வந்ததும் பெரியவள் முகம் தெளிந்திருந்தது. "கேட்டியா, ஆரம்பந்தானாம்" என்று அவள் கையை அழுத்தினாள். சின்னவள் தலையாட்டினாள். அந்த 'ரெண்டு' உள்ளே டாக்டரம்மாளின் தாளில் ஏறியிருந்தது. இப்போது மறுத்துச் சொன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கியதாகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஸ்கேன் அறைக்கு அவளைக் கூட்டிப் போனது ஒரு நெட்டையான சிஸ்டர். இந்த நோய்க்காரர்களுக்கென்றே இருக்கிற நர்ஸ் அவர். ஒவ்வொரு கதவுக்கும் கூடவே வருவார், எந்தச் சோதனை எதற்கு என்று சொல்லுவார். உயரம் காரணமாகக் கொஞ்சம் குனிந்தே நடப்பார். அதனாலோ என்னவோ, மெதுவாகப் பேசுகிறவர்கள் சொல்வது அவர் காதில் விழுந்துவிடும். பெரியவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தபோது சின்னவள் கேட்டாள்.

"சிஸ்டர், இந்த மிஷின்ல படுத்தா பின்னால ஏதாவது ஆகுமா?"

"பின்னாலன்னா?"

"சும்மாதான். உள்ள ஏதாவது கெட்டுப்போயிடுமான்னு."

"இதுல ஒண்ணும் ஆகாதும்மா. சத்தம் மட்டும்தான் ஜாஸ்தி. வேற என்ன பயம் உங்களுக்கு?"

"பயம்னு இல்ல. பையை எடுத்ததுக்கப்புறம் அந்த இடத்துல என்ன இருக்கும் சிஸ்டர்? காலியாவே கிடக்குமா?"

சிஸ்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். "குடல் கொஞ்சம் நகர்ந்து வந்து உட்கார்ந்துக்கும். உடம்பு எந்த இடத்தையும் காலியா விடாது" என்றார். சின்னவள் அதற்குச் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை மழை விடவே இல்லை. பெரியவள் கடையிலிருந்து உடைந்த ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். விற்க முடியாததை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். சூடாகத் தேநீர் போட்டு, ஆளுக்கொரு துண்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். வெட்டுமேசைமேல் பச்சைத் துணி விரிந்து கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்து மேடைக்கான திரை. சின்னவள் ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டே போனாள்.

"படுத்துக்கோயேன். இதை முடிச்சு யாருக்கு ஆகப்போகுது" என்றாள் பெரியவள்.

"கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா."

"மனசுக்கு என்ன இப்ப? நாளைக்குக் கூட்டம். நாள் குறிச்சுடுவாங்க. போனோமா, எடுத்தோமா, வந்தோமான்னு இருக்கணும். எங்க கடைக்காரர் மாமியாருக்கு எடுத்து இருபது வருஷம் ஆகுது, இன்னும் அந்தக் கிழவி கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குது."

"ம்."

"என்ன ம்?"

"அவங்களுக்கு அப்ப வயசாயிருக்கும்."

"வயசு என்ன வயசு. உயிர் முக்கியமா, பை முக்கியமா?"

"உயிர்தான்க்கா."

"அப்புறம்? அந்தப் பையை வெச்சுக்கிட்டு மாசாமாசம் வலியில உருளுறதைத் தவிர வேற என்ன பார்த்த நீ?"

சின்னவள் குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். மடிப்பு நேராகத்தான் இருந்தது. பெரியவளுக்கு அது தெரியாது. மாவைத் தவிர வேறொன்றில் கோணல் நேர் பார்க்க அவளுக்கு வராது.

"அக்கா."

"சொல்லு."

"பொடியன் வயித்துல இருந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? நாய்ப்பாடு. ஒரு பக்கம் படுக்க விட மாட்டான். உதைச்சுக்கிட்டே இருப்பான். இப்ப உன் மடியில கிடந்து உதைக்கிறானே, அதே உதைதான்" என்று சொல்லிச் சிரித்தாள் பெரியவள். எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கேட்டவள் எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கு உறைக்கவில்லை. நல்ல மனசு இருக்கிறவர்களுக்குச் சில சமயம் காது இருப்பதில்லை.

வியாழக்கிழமைக் கூட்டம் நடக்கிற அறை நடையின் கோடியில் இருந்தது. நீள மேசை, சுவரில் பெரிய திரை, ஆறிப்போன தேநீர். ஆஸ்பத்திரிக்குள் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் இருக்கிறார். நோயாளி தன்னைத் துண்டு துண்டாக ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். ஒருவர் சதையைப் பார்க்கிறார், ஒருவர் நிழலைப் பார்க்கிறார், ஒருவர் வலியைக் கேட்கிறார். வாரத்தில் அந்த ஒரு காலைப்பொழுதில்தான் எல்லாத் துண்டும் ஒரே மேசைக்கு வரும். அறுவை டாக்டரம்மாளுக்கு அந்தக் கூட்டத்தின்மேல் பெரிய பிரியம் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு ஆபரேஷனை முடித்துவிடலாம் என்பார். ஆனாலும் தவறாமல் வந்துவிடுவார்.

சின்னவளுடைய விஷயம் சுலபம் என்று கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தது. சுலபமானது கடைசியில் வந்தால் எழுந்துகொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விடலாம்.

"முப்பத்திரண்டு வயசு, ரெண்டு குழந்தை, கர்ப்பப்பை வாயில ஆரம்ப நிலை. முழுசா எடுத்துடறேன். யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் டாக்டரம்மாள், பேனாவை மூடிக்கொண்டே.

ஸ்கேன் டாக்டர் படத்தைத் திரையில் போட்டார். இருட்டறையிலேயே இருந்து பழகியவர், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேசுவார். "கட்டி சின்னது. ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல. கீழ் விளிம்புல உட்கார்ந்திருக்கு, மேல ஏறல. அந்தக் குழந்தைங்க சிசேரியனா?"

"ஏன்?"

"சிசேரியனா இருந்தா உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், உங்களுக்கு வெட்டும்போது சிரமம். அதுக்காகத் தழும்பு தேடினேன். இல்ல."

"அப்ப நார்மலா இருக்கும்."

"இருக்கலாம். ஆனா இது ரெண்டு சுமந்த பை மாதிரியும் எனக்குத் தோணல. படத்தை வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தோணுச்சு, சொன்னேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. மேசைக் கோடியிலிருந்து நெட்டை சிஸ்டர் பேசினார். "டாக்டர், ஸ்கேனுக்குப் போறப்ப அவங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. எடுத்ததுக்கப்புறம் அந்த இடம் காலியாவே கிடக்குமான்னு. ரெண்டு பெத்தவங்க வலிக்குமான்னு கேப்பாங்க, எப்ப வேலைக்குப் போகலாம்னு கேப்பாங்க. இதைக் கேட்டு நான் பார்த்ததில்ல."

"நான் நேர்லயே கேட்டேனே சிஸ்டர். ரெண்டுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க டாக்டர்?"

டாக்டரம்மாள் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். யோசித்தார். "கூட வந்தவங்க" என்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

நோயாளி யாரும் முகம் பார்த்தறியாத ஒரு டாக்டர் அந்த அறையில் உண்டு. சதைத் துணுக்குகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிறவர். அவர் தொண்டையைச் செருமினார். "என் பக்கத்துல இருந்து சொல்லிடறேன். சாதாரண வகைதான். ரத்தக்குழாய்க்குள்ள போன அடையாளம் இல்ல. பையை விட்டுட்டு வாயை மட்டும் எடுக்கிறதுன்னா, நான் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் எதுவும் இல்ல."

"நெறிக்கட்டி?" என்று கேட்டார் கதிர்வீச்சு டாக்டர். "அதுல ஒண்ணுலகூட நோய் பிடிச்சிருந்தா நான் கதிர் கொடுத்தாகணும். கொடுத்தா பை இருந்தும் பிரயோஜனமில்ல."

"முதல்ல அதை எடுத்து இவருக்கு அனுப்பறேன். நான் வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். சுத்தம்னு சொன்னா மேல போறேன். இல்லேன்னா மூடிட்டு உங்ககிட்ட அனுப்பறேன்" என்றார் டாக்டரம்மாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் முடிந்துபோன ஒரு விஷயத்தை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். "சிஸ்டர், போய்க் கேட்டுட்டு வாங்க. வேணாம், அவங்களையே கூட்டிட்டு வாங்க. ஆனா முதல்ல கேளுங்க."

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். கண்ணாடிக்காரன் விரலில் துணி சுற்றியிருந்தான், காலையில் அறுத்துக்கொண்டது. சிஸ்டர் சின்னவளுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. உங்களுக்குக் குழந்தை பிறந்தது நார்மலா, ஆபரேஷனா?"

"மூத்தது நார்மல். ரெண்டாவது ஆபரேஷன் சிஸ்டர். தலை திரும்பல, அதனால" என்றாள் பெரியவள்.

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரன், "அண்ணி" என்றான், அவ்வளவுதான். பெரியவளின் கை தன்னையறியாமல் தன் அடிவயிற்றுக்குப் போனது. அந்தத் தழும்பு அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷமாக வாய்க்குப் பழகிப்போன ஒன்று அப்போதுதான் அவளுக்கு என்னவென்று புரிந்தது.

"சிஸ்டர்" என்றாள். "அது நான். ரெண்டும் நான் பெத்தது. இவளுக்கு இல்ல."

"அன்னிக்கு டாக்டர்கிட்ட..."

"நான்தான் சொன்னேன். இவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். ஏன் சிஸ்டர், அதனால ஏதாவது ஆயிடுச்சா?"

"இன்னும் எதுவும் ஆகல. அதுக்குத்தான் இந்தக் கூட்டம்" என்றார் சிஸ்டர். "நீங்க உள்ள வாங்கம்மா. வீட்டுக்காரரும் வரட்டும்."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

இத்தனை டாக்டர்களை ஒரே இடத்தில் பார்த்ததும் சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அறுவை டாக்டரம்மாள் தன் நாற்காலியை அவளுக்கு எதிரில் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் உங்களைக் கேட்டேன், பதில் வேற இடத்துல இருந்து வந்துச்சு. நான் அதைக் கவனிச்சிருக்கணும். இப்ப உங்களைக் கேக்கறேன். உங்களுக்குக் குழந்தை வேணுமா?"

எட்டு வருஷத்தில் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை. விசேஷம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். யாரிடம் குறை என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இவ இருந்தா போதும் டாக்டர்" என்றான் அவன், அவளைக் காப்பாற்றுகிறவன் மாதிரி.

"அவருக்குப் போதும்" என்றாள் சின்னவள். "எனக்குப் போதல டாக்டர். வீட்டுல ரெண்டு இருக்கு, உயிரா இருக்கேன் அதுங்க மேல. ஆனாலும் போதல. எனக்கு ஒண்ணு வேணும். ரொம்ப நாளா வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை. கூடவே இருந்த ஒருத்தியைப் புதிதாகப் பார்க்கிற பார்வை. துணி சுற்றிய விரலோடு அவள் தோளில் கை வைத்தான்.

டாக்டரம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை குட்டையாகச் சொல்லவில்லை. வாயை மட்டும் எடுத்துவிட்டு, பையை விட்டுவிட்டு, கீழே ஒரு தையல் போடுவது. உருவாவதும் சிரமம், நிற்பதும் சிரமம், முன்னதாகவே பிறந்துவிடலாம், பிறக்காமலே போகலாம். அதெல்லாம் நெறிக்கட்டி சுத்தமாக இருந்தால்தான்.

"தையல் தாங்குமா டாக்டர்?" என்று கேட்டாள் சின்னவள். அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"தாங்குற மாதிரிதான் போடுவேன். நூல் நல்ல நூல்."

சதை பார்க்கிற டாக்டர் முதல் தடவையாக ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொண்ணு கேட்டுக்கோங்க" என்றார் டாக்டரம்மாள், கண்ணாடிக்காரனிடம். "நான் சீக்கிரம் வெளிய வந்துட்டேன்னா, நெறிக்கட்டியில நோய் இருந்துச்சுன்னு அர்த்தம். எதுவும் செய்யாம மூடிட்டேன்னு அர்த்தம். நேரமாக ஆக நல்லது. புரியுதா?"

வெளியே மழை நின்று வெயில் அடித்தது. பெரியவள் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சின்னவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரன் தேநீர் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டான். இந்த மாதிரி சமயங்களில் நகர்ந்துவிடத் தெரிந்தவன் அவன்.

"உன்னை யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான்டி" என்றாள் பெரியவள்.

"தெரியும்க்கா."

"என் பசங்க உன் பசங்கன்னு சொல்லிச் சொல்லியே உன் வாயை அடைச்சுட்டேனா நான்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான், எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆனால் சற்று முன்னால் அந்த அறைக்குள் திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

"ஆமாக்கா" என்றாள். "பசங்க என் பசங்கதான். அது பொய் இல்ல. ஆனா ஆமா."

பெரியவள் அதை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொடியன் வயித்துல இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டியே" என்றாள். "நாய்ப்பாடு இல்ல. சும்மா சொன்னேன். நல்லா இருந்துச்சு. எங்க போனாலும் தனியா இல்லங்கிற மாதிரி இருந்துச்சு."

சின்னவள் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். பொறாமையாக இருந்தது. பொறாமையாக இருக்கிறது என்று சொல்லவும் சொன்னாள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். காலை வெயில் ஏறுகிறபோது சின்னவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைக் கதவு மூடிக்கொண்டது. அதற்கு எதிரில் வரிசையாக நாற்காலிகள், மற்ற நோயாளிகளின் வீட்டார்கள். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவர்கள் எல்லோரும் ஆசையாக எழுந்தார்கள். எப்போது வெளியே வருவார்கள், எப்போது முடியும் என்று தவித்தார்கள். டாக்டரம்மாள் சொன்னதைக் கண்ணாடிக்காரன் பெரியவளிடமும் சொல்லியிருந்தான். இவர்கள் இருவர் மட்டும் கதவு அசைந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருமுறை திறந்தது. வேறு யாரையோ கூப்பிட்டார்கள். பெரியவள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அண்ணி, இந்நேரம் அந்தத் துணுக்கு அவர்கிட்டப் போயிருக்கும்" என்றான் அவன்.

"பேசாத தம்பி."

இன்னொரு முறை திறந்தது. காலி வண்டியொன்று வந்தது. பிறகு நெட்டை சிஸ்டர் நடையில் போனார். இவர்களைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மத்தியானம் ஆனது. யாரோ பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். இவர்கள் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எழுந்தால் ஏதோ கலைந்துவிடும் என்கிற மாதிரி அப்படியே இருந்தார்கள். வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறியது. இவர்களோடு காலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடப்பட்டுப் போய்விட்டார்கள். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொடியன் போன் பண்ணினான்.

"அம்மா, சித்தி வந்தாச்சா?"

"இன்னும் இல்லடா."

"காலையிலயே போனாங்கல்ல? ஏன் இவ்வளவு நேரமாகுது?"

பெரியவள் அந்தக் கதவைப் பார்த்தாள். பேருந்துக்கு நிற்கப் பொறுமை இல்லாதவள், ஒரு நாளும் எதற்கும் காத்திருந்தறியாதவள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆகட்டும்டா கண்ணு" என்றாள். "இன்னும் நேரமாகட்டும்."